இழு இழு என்று சொல்லாதே

அன்புள்ள கண்ணா,

"மருந்து தவிர வேறு வழியே இல்லையா சித்தி?" என்று கேட்டிருக்கிறாய். இருக்கிறது. அதற்கு முன் உனக்குக் கொஞ்சம் திட்டு. அம்மாவுக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று "இழும்மா, நல்லா இழு" என்கிறாயே, பொங்கலுக்கு வந்தபோது பார்த்தேன். அதை முதலில் நிறுத்து.

பீடி பிடிக்காதவளுக்கு சி.ஓ.பி.டி. என்ற நுரையீரல் நோய் எப்படி வந்தது என்கிறாய். 40 வருஷம் விறகடுப்புப் புகையில் வெந்தவள்டா அக்கா. மூச்சுக்குழல்கள் சுருங்கிப் போய், உள்ளே போன காற்று முழுசாக வெளியே வர முடியாமல் தங்கிவிடுகிறது. நிறைந்த குடத்தில் நீ மேலும் ஊற்றச் சொல்கிறாய். அவள் சிரமமெல்லாம் காற்றை விடுவதில்தான்.

சூடான காப்பியை ஊதுவது போல உதட்டைக் குவித்து விடச் சொல். மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, வாயால் நாலு எண்ணும் வரை. முக்கி ஊத வேண்டாம், மெதுவாகப் போகட்டும். குவித்த உதடு தருகிற சிறு தடையால் குழல்கள் சட்டென்று மூடிக்கொள்ளாது. படியேறும்போதும் பாத்திரம் தூக்கும்போதும் மூச்சை விட்டுக்கொண்டே செய்ய வேண்டும். நாம் எல்லோரும் அங்கேதான் அடக்கிக்கொள்கிறோம்.

திணறினால் மல்லாக்கப் படுக்க வைக்காதே. உட்கார்ந்து முன்னால் சாய்ந்து, முழங்கையை மேசையிலோ தொடையிலோ ஊன்றட்டும். கையில் ஒரு சின்ன பேட்டரி விசிறி கொடு. முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மூக்கிலும் உதட்டிலும் காற்று படட்டும். "குழந்தை விளையாட்டா?" என்பாய். கேம்பிரிட்ஜில் இதைச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். ஐந்து நிமிடம் முகத்தில் வீசியபோது மூச்சுத்திணறல் தணிந்தது. காலில் வீசியபோது அப்படித் தணியவில்லை.

விரலில் மாட்டும் கருவி 95 காட்டுகிறதே, பிறகு ஏன் திணறுகிறாள் என்று அவளைச் சந்தேகப்படாதே. ரத்தத்தில் ஆக்ஸிஜன் சரியாக இருந்தாலும் மூச்சுவிடும் பாடு பாடுதான்.

உன் பெரிய தப்பு வேறு. பாசத்தில் அவளைக் கட்டிலோடு கட்டிப்போட்டிருக்கிறாய். "நடந்தால் மூச்சு வாங்குதே சித்தி!" வாங்கட்டும். அளவாக நடந்து வாங்குகிற மூச்சு பயமாக இருக்கும், கெடுதல் செய்யாது. கிடந்தால் கால் சதை வற்றும். வற்றிய கால் அதே பத்தடிக்கு இன்னும் காற்று கேட்கும். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்று ஆறு, எட்டு வாரம் தருகிறார்கள். எங்கே கிடைக்கும், எவ்வளவு நடக்கலாம் என்று டாக்டரிடம் கேள்.

இன்ஹேலரை மட்டும் நிறுத்திவிடாதே. வழக்கத்துக்கு மாறாகத் திணறினாலோ, பேச முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாரித்தாலோ விசிறியைத் தேடாமல் 108ஐக் கூப்பிடு.

பின்கட்டில் சும்மா கிடக்கும் நாற்காலியை வாசல் வேப்பமரத்தடியில் போடு. அதுவரை நடந்து உட்கார்ந்தாளா என்று எழுது.

சித்தி