28 டிகிரியில் கொதிக்கும் கடல்நீர்

"நீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?" என்று கேட்டால் வகுப்பே "நூறு" என்கிறது. அழுத்தத்தை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. கடலே இல்லாத செட்டிகுளத்தில் இதைத் திருத்த எனக்கு உதவுவது இலட்சத்தீவின் கவரத்தி.

முதலில் ஒரு சோதனை. ஊசி நீக்கிய பெரிய சிரிஞ்சில் கால் பங்கு, சுமார் 70 டிகிரி வெந்நீரை ஆசிரியரே எடுத்து, காற்றை வெளியேற்றி, முனையை ரப்பர் மூடியால் அடைத்துத் தண்டை இழுக்க வேண்டும். நீர் கொதிக்கும். ஆறிய நீரிலும் சில குமிழிகள் வரும். அவை கரைந்திருந்த காற்று. பிள்ளைகள் இரண்டையும் ஒன்றெனக் கொள்வார்கள், கவனம் தேவை.

கவரத்தியில் 2005ஆம் ஆண்டு சென்னை தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் அமைத்த நிலையம் செய்வதும் இதையே. 28 டிகிரி மேற்பரப்பு நீர், வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு மட்டுமே உள்ள கலனுக்குள் நுழைந்ததும் கொதிக்கிறது. சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாயில் வரும் 12, 13 டிகிரி நீர் அந்த ஆவியைக் குளிர்விக்க, நன்னீர் கிடைக்கிறது: நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர்.

இங்கே ஒரு கணக்கு. நீர் 28இலிருந்து 22 டிகிரிக்குக் குளிரும்போது வெளிவரும் வெப்பம் கிலோவுக்குச் சுமார் 25 கிலோஜூல். ஒரு கிலோ ஆவியாக 2450 வேண்டும். ஆக, நூறில் ஒரு பங்கே ஆவியாகும். 1 லட்சம் லிட்டருக்கு 1 கோடி லிட்டர் கடல்நீரை இறைக்க வேண்டும். அந்த மோட்டார்களுக்கு மின்சாரம்?

ஆவியைக் குளிர்விக்கும் முன் விசையாழி வழியே செலுத்தினால் மின்சாரமும் கிடைக்கும். ஆனால் 28க்கும் 12க்கும் இடையே கோட்பாட்டளவிலான பயனுறுதிறனே 16/301, அதாவது 5 விழுக்காடு. மின்சாரத்துக்காக மட்டும் என்றால் கட்டுப்படியாவது கடினம். தூத்துக்குடிக் கடலில் திட்டமிட்ட 1 மெகாவாட் மிதவை நிலையம், ஆழ்கடல் குழாயை இறக்குவதிலேயே நின்றுபோனது. அதனால்தான் கவரத்தியில் மின்சாரத்தையும் குடிநீரையும் சேர்த்துத் தரும் 65 கிலோவாட் நிலையத்தைத் திட்டமிட்டார்கள். வேலை முடிந்த குளிர்நீரிலும் குளிர்ச்சி மிச்சமிருக்கும். ஹவாய்த் தீவில் ஆழ்கடல் நீரைக் கொண்டு கட்டடங்களையே குளிர்விக்கிறார்கள்.

"நம்ம சென்னையில ஏன் சார் வைக்கல?" என்ற கேள்வி வரும். அங்கே ஆழம் வெகு தொலைவில். 2007இல் சோதனைப் படகு கரையிலிருந்து 40 கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது. ஆனால் வடசென்னை அனல்மின் நிலையத்தில் 2009இல் ஆழ்நீர் இல்லாமலே செய்தார்கள்: ஆலை வெளியேற்றும் வெந்நீர் ஒருபுறம், சாதாரணக் கடல்நீர் மறுபுறம்.