கணக்கில் நூறு எடுத்தாலும்

நாவலூர், படூர், கூடுவாஞ்சேரி பக்கம் கட்டட வேலைக்கு வந்திருக்கும் ஒடியா, வங்காள, பீகார்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித்தர வந்திருக்கிறீர்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியன் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

1. பிள்ளை பேசுவதைக் கேட்டு மயங்காதீர்கள். தாம்பரம் மார்க்கெட்டில் பேரம் பேசும் தமிழ் ஒரே வருடத்தில் வந்துவிடும். பத்தாம் வகுப்புத் தாள் கேட்பது செய்யுளும் இலக்கணமும். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். அதில் 35 வராவிட்டால், கணக்கில் 100 எடுத்தவனுக்கும் கல்லூரி வாசல் தெரியாது. இலக்கணத்தைக் கட்டிக்கொண்டு அழாமல் கடிதம், படிவம் நிரப்புதல், காட்சியைக் கண்டு எழுதுதல், மனப்பாடப் பாடல் என்று தொடங்குங்கள். தேர்ச்சிக்கான மதிப்பெண்ணில் நல்ல பங்கு அங்கேயே கிடைக்கும்.

2. பொறியியல் கட்-ஆஃப் 200 என்பது கணிதம், இயற்பியல், வேதியியல் மட்டுமே. தமிழ் மதிப்பெண் அதில் சேராது. இதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். பாதி பயம் போய்விடும்.

3. 'வடக்கன்' என்ற பேச்சு வகுப்புக்குள் வேண்டாம், விளையாட்டுக்கும் கூட.

4. டிசி இல்லை, பிறப்புச் சான்று இல்லை என்று பள்ளியில் தயங்கினால், 2009 கல்வி உரிமைச் சட்டத்தைப் பணிவாக நினைவூட்டுங்கள். காகிதம் இல்லையென்று சேர்க்கையை மறுக்கக் கூடாது; வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சியும் தர வேண்டும். சண்டைக்குப் போகாதீர்கள், நாளை அதே தலைமையாசிரியரிடம்தான் போய் நிற்க வேண்டும். அந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு சரி. ஒன்பதில் வந்து நிற்கிறவன் பாடு திண்டாட்டம்.

5. ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்குப் போடுங்கள். தொழிற்படிப்புகளில் 2021 முதல் உள்ள 7.5 விழுக்காடு ஒதுக்கீடும், புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் ஆறு முதல் பன்னிரண்டு வரை இங்கே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானவை. நடுவில் ஒரு வருடம் சொந்த ஊர்ப் பள்ளிக்குப் போய்த் திரும்பினால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். பெற்றோருக்கு இதை யாரும் சொல்வதில்லை. இன்னொன்று: வெளிமாநிலச் சாதிச் சான்று இங்கே கலந்தாய்வில் செல்லாது, பொதுப்பிரிவில்தான் போட்டி. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

6. தாய்மொழியை மறக்கச் சொல்லாதீர்கள். இந்தி தெரிந்த பிள்ளை கலை அறிவியல் கல்லூரிகள் சிலவற்றில் பகுதி ஒன்று மொழிப்பாடத்துக்கு அதையே எடுக்கலாம்; அப்போது தமிழைத் தனியாக எழுத வேண்டியிருக்கும்.

7. சைட் முடிந்தால் மேஸ்திரி குடும்பத்தோடு வேறு ஊருக்கு ஏற்றிவிடுவார். உங்கள் வகுப்பில் பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்தால், அந்த அப்பாவையும் மேஸ்திரியையும் இந்த வாரமே பாருங்கள். பரீட்சை முடியும்வரையாவது பிள்ளையை இங்கே இருக்க விடச் சொல்லிக் கேளுங்கள்.