தோட்டத்தில் குடி: பார்ப்போம், சிந்திப்போம், செயற்படுவோம்

கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டை, பன்விலைத் தோட்டங்களில் பணியாற்றுவோர் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு குடியைப் பற்றியதாகும். பெல்ஜியக் குரு யோசேப் கார்டைன் இளந்தொழிலாளருக்குக் கற்பித்ததும், பாப்பரசர் 23ஆம் யோவான் 1961இல் தமது சுற்றுமடலில் ஏற்றுக்கொண்டதுமான முறையில் இதனை ஆராய்வோம்.

1. பார்ப்போம்

சம்பள நாளன்று கவனியுங்கள். தவறணைக்குப் போவது எவ்வளவு? கடைக் கணக்குக்குப் போவது எவ்வளவு? அடகுக் கடையிலிருந்து மீளாத நகைகள் எத்தனை? சாராயத்தின் விலை ஏறும்போது அதன் இடத்தைக் கசிப்பு பிடித்துக்கொள்கிறது. சீனியையும் ஈஸ்ட்டையும் புளிக்கவைத்து மறைவில் வடிக்கும் இதற்கு எவ்விதப் பரிசோதனையும் இல்லை. அதில் மெதனோல் கலந்திருந்தால், அது உடலினுள் போமிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும், உயிரையும் பறிக்கும்.

2. சிந்திப்போம்

"அலுப்புக்குக் குடிக்கிறோம்" என்பர். கூடை சுமந்து மலையேறிக் கொழுந்து பறிக்கும் பெண், மாலையில் விறகும் தண்ணீரும் சுமக்கிறாள். அவளுக்கு அலுப்பில்லையா? எனினும் நம் பெண்களில் பெரும்பாலோர் குடிப்பதில்லை. ஆகவே அலுப்பு மட்டும் காரணமன்று.

பிரித்தானிய ஆட்சி சாராயக் குத்தகையால் வருமானம் ஈட்டியது. 1927 நவம்பரில் இலங்கை வந்த காந்தியடிகள், குடியை விடுமாறு தோட்டத் தொழிலாளரைக் கேட்டுக்கொண்டார். இன்றும் மதுவரி அரசின் முக்கிய வருமானங்களுள் ஒன்று. குடிப்பவனைப் பாவி என்று பிரசங்கிப்பது எளிது. அவனுக்கு விற்றுப் பிழைப்போரைக் கேள்வி கேட்பதே கடினம்.

"அளவோடு குடித்தால் நல்லது" என்பதும் சரியன்று. மது புற்றுநோயை உண்டாக்கும் என 1988இலேயே அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லையென உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது.

3. செயற்படுவோம்

(அ) 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுவோ புகையிலையோ விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமாகும். இதைக் கடைக்காரர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

(ஆ) நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவரை அறையில் பூட்டிவைத்துத் திடீரென நிறுத்தாதீர்கள். முதல் மூன்று நாட்களுக்குள் கைநடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிராபத்தும் நேரலாம். கண்டி அல்லது பேராதனை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று வைத்தியரின் கண்காணிப்பில் நிறுத்துவதே முறை.

(இ) மாதர் சங்கம் சம்பள நாளிலேயே சேமிப்புப் பணத்தைச் சேர்க்கட்டும். மறுநாள் சேர்க்கப் பணம் இராது.

(ஈ) கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் போத்தல் வைப்பதே மரியாதை என்ற எண்ணம் மாறவேண்டும். முதலில் நமது கோயில் திருநாளை மதுவின்றிக் கொண்டாடிக் காட்டுவோம்.

குழுவில் கலந்துரையாட:

1. நமது லயத்தில் ஒரு மாதம் குடிக்குச் செலவாகும் பணத்தில் எத்தனை பிள்ளைகளுக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்கலாம்?

2. கசிப்பு விற்பவர் யாருடைய பாதுகாப்பில் விற்கிறார்?

3. குடியை விட விரும்பும் ஒருவர், வேலை முடிந்த மாலைப் பொழுதில் போயிருக்க நம் தோட்டத்தில் வேறு இடம் உண்டா? இல்லையென்றால், அதை யார் அமைப்பது?