சர்வரில் புதிய மென்பொருள்: எந்த நாளில் ஏற்றுவது?

இரண்டு மூன்று பில் இயந்திரங்கள் ஓடும் கடையில் சரக்கு இருப்பு, விலைப்பட்டியல், வாடிக்கையாளர் பற்று வரவு எல்லாம் உள்ளே உள்ள ஒரு கம்ப்யூட்டரில்தான் இருக்கும். அதையே சர்வர் என்கிறோம். அது நின்றால் கல்லா நின்றது போலத்தான். அதில் 'அப்டேட்' கேட்கும்போது ஏற்றுவதா, தள்ளிப்போடுவதா என்பதை முதலாளிதான் முடிவு செய்ய வேண்டும். பில் போடும் பையனிடம் விடக்கூடாது.

2017 மே 12-ல் 'வான்னாக்ரை' என்னும் வைரஸ் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் ஏற்றாமல் இருந்தவர்களே பெரும்பாலும் அகப்பட்டார்கள்.

இதற்கு நேர்மாறானது 2024 ஜூலை 19-ல் நடந்தது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய கோளாறான அப்டேட், தானாகவே ஏறி, சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்களை முடக்கியது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். நம் நேரப்படி அது காலை 9.39 முதல் 10.57 வரை. அந்த நேரத்தில் இணையத்தில் இல்லாதவை தப்பின.

ஆகவே அவசரமும் ஆகாது, அலட்சியமும் ஆகாது. பாதுகாப்புத் திருத்தம் என்றால் சில நாள் பொறுத்து, பிறருக்குக் கோளாறு வரவில்லை என்று தெரிந்ததும் ஏற்றிவிட வேண்டும். ஓட்டையை வைத்துத் திருட்டு தொடங்கிவிட்டது என்று செய்தி வந்தால் அந்தச் சில நாளும் கூடாது. பில்லிங் மென்பொருளின் புதிய பதிப்பு வேறு ரகம். அதற்கு ஒரு மாதம் காத்திருந்தாலும் நஷ்டமில்லை, வரி மாற்றத்துக்காக வந்தது தவிர.

மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று திருத்தம் வெளியிடுகிறது. நமக்கு அப்போது இரவு. அதை அடுத்து வரும் ஞாயிறு, எந்த மாதமானாலும் 13-க்கும் 19-க்கும் இடையில்தான் விழும். மாதாமாதம் ஜி.எஸ்.டி. கணக்கு அனுப்புவோருக்கு இது நல்ல வசதி. 11-ந் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1 போயிருக்கும், 20-ந் தேதி 3பி வர நாள் இருக்கும். ஞாயிறு 18, 19 என்று விழுந்தால் 3பி-யை முன்னதாகவே அனுப்பிவிடுவது நல்லது. தீபாவளி, பொங்கலுக்கு முந்திய வாரங்களில் புதிய பதிப்பைத் தொடவே வேண்டாம். சந்தை நாளில் தராசைக் கழற்றுபவர் உண்டா?

ஏற்றும் முன் முழுக் கணக்கையும் தனி டிஸ்கில் நகல் எடுத்து, அந்த டிஸ்கைக் கழற்றி வைக்க வேண்டும். நகல் எடுத்தால் மட்டும் போதாது. வேறொரு கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, நேற்றைய கடைசி பில்லும் ஏதாவது ஒரு வாடிக்கையாளரின் நிலுவையும் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. திறக்காத நகலை நகல் என்றே எண்ணக்கூடாது.

ஏற்றியதும் ஒரு சோதனை பில் போட்டு, பிரிண்டர், எலக்ட்ரானிக் தராசு, பார்கோடு கருவி மூன்றும் பேசுகின்றனவா என்று பாருங்கள். மறுநாள் காலை மட்டும் கைப்பில் புத்தகம் ஒன்று கல்லா அருகில் இருக்கட்டும்.