தானா ராத்தாவுக்கு வேன் கூட்டமாப் போறீங்களா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போங்க

தங்கச்சி, முதல்ல ஒரு விஷயத்தை முடிவு பண்ணிக்கோ. நீங்க நாலஞ்சு குடும்பம் சேர்ந்து மலைக்குப் போறது ஊர் பார்க்கவா, ஒண்ணா உக்காந்து பேசவா? ரெண்டும் ஒரே சனி ஞாயிறுல நடக்காது. கேமரன் மலையில வார இறுதின்னா, அதுவும் பள்ளி விடுமுறைன்னா, பிரிஞ்சாங்குக்கும் கியா ஃபார்முக்கும் நடுவுல காடி நகரவே நகராது. ஸ்ட்ராபெரி, தேன் பண்ணை, பட்டாம்பூச்சி, தேயிலை, பசார் மாலாம்னு பட்டியல் போட்டுக்கிட்டுப் போனவங்க ரோட்டுலயே பொழுதைக் கழிச்சுட்டு, ராத்திரி ஆளுக்கொரு மூலையில தூங்கி விழுவாங்க. அதனால எல்லாத்துக்கும் மேல முக்கியமான டிப்ஸை இப்பவே சொல்லிடுறேன்: வேனைத் தானா ராத்தாவுல நிறுத்தினா, ஞாயிற்றுக்கிழமை கிளம்புற வரைக்கும் சாவியைத் தொடாதே.

ஏன் தானா ராத்தா? கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்துல இருந்தாலும் ஊருக்குள்ள நடக்கிறதுக்குச் சமதளம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, ரொட்டி சானாய், மருந்துக் கடை, பெட்ரோல், சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனை, காட்டுப் பாதைகளோட தொடக்கம் எல்லாம் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. சின்னப் பிள்ளைங்க, பெரியவங்க, யாரையும் காடியில ஏத்தாம ரெண்டு நாளை ஓட்டிடலாம். முகாம் போட சுங்கை பாவ் பக்கம் இடம் இருக்கு, மலை முழுக்கத் தனியார் இடங்களும் இருக்கு. எதுவா இருந்தாலும் முன்கூட்டியே போன் பண்ணி நாலே நாலு கேள்வி கேளு: வேன் நிறுத்த விடுவாங்களா, தரை மழையில சேறாகுமா, மின்சாரம் இழுக்கலாமா, சுடுதண்ணி வருமா. கடைசிக் கேள்வியைச் சிரிச்சுக்கிட்டே விட்டுடாதே. ராத்திரி பதினைஞ்சு, பதினாறு டிகிரிக்கு இறங்கும். காலையில பச்சைத் தண்ணியில குளிச்ச பிள்ளை அன்னைக்குப் பூரா அழும்.

எல்லாரும் வேன்லதான் படுக்கணும்னு கட்டாயம் பண்ணாதே. முட்டி வலிக்கிற அத்தைக்கும் மாமாவுக்கும் பக்கத்துல ஒரு அபார்ட்மெண்ட் எடுத்துக் குடுத்துடு. கூட்டத்துக்கே நடுராத்திரி கழிவறைப் பிரச்சினையும் தீரும்.

இந்த வேன் கூட்டம் புதுசா முளைச்சது ஒண்ணும் இல்ல. பிரிட்டன்ல 1907-லேயே கேரவன் கிளப் ஆரம்பிச்சுட்டாங்க, இன்னைக்கும் நடக்குது. வார இறுதியில ஒரு வயல்ல கூடுறதை அவங்க ரேலின்னு சொல்வாங்க. அவங்ககிட்ட இருந்து நான் எடுத்துக்கச் சொல்றது ரெண்டு பழக்கம். ஒண்ணு, எல்லாருக்கும் முன்னாடி ஒரு ஆள் போய் நின்னு, எந்த வண்டி எங்கன்னு இடம் காட்டுவார். நம்ம கூட்டத்துல எல்லாரும் ஒரே நேரத்துல வந்து, 'நீ முன்னாடி, நான் பின்னாடி'ன்னு அரைமணி நேரம் ஹாரன் அடிக்கிறது அப்பத்தான் நிக்கும். இன்னொண்ணு, ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் ஆறு மீட்டர் இடைவெளி. தீப்பிடிச்சா தாவக் கூடாதுங்கிறதுக்காக வெச்சது. நம்மாளுங்க பேசிக்கிறதுக்கு வசதின்னு கதவோட கதவு ஒட்டி நிறுத்துவாங்க. விடாதே. பேசணும்னா நாற்காலியைத் தூக்கிட்டு வரட்டும். அவங்கவங்க நாற்காலி, அவங்கவங்க மங்கு, இதையும் முன்னாடியே வாட்சாப்புல போட்டுடு.

வேன் வாடகைன்னா ரோட்டு வரி, காப்புறுதி ரெண்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லு. உள்ளே கட்டில், அடுப்புன்னு மாத்தி அமைச்ச வண்டின்னா ஜேபிஜே அனுமதியும் கேளு. கேட்டதும் இழுத்துப் பேசுற ஆளா இருந்தா வேற வண்டி பாரு.

இப்போ ரோடு. ரெண்டு வழி இருக்கு, ரெண்டுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு. தாப்பா வழி பழசு. லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டி ரிங்லெட் வரைக்கும் வளைவு, வளைவு, வளைவு. ரோடு ஒடுக்கம். ஆனா தானா ராத்தா அந்தப் பக்கம்தான் இருக்கு, ஜாம் தொடங்குறதுக்கு முன்னாடியே ஊர் வந்துடும். சிம்பாங் பூலாய் வழி அகலம், பெரிய வேனுக்குச் சுகம். ஆனா கம்போங் ராஜாவுல ஏறி, கியா ஃபார்ம், பிரிஞ்சாங் எல்லாத்தையும் கடந்துதான் தானா ராத்தா வரணும். சனிக்கிழமை பதினொரு மணிக்கு அந்த வழியில வந்தா உன் வார இறுதி அங்கேயே முடிஞ்சது. நான் சொல்வேன், சின்ன வேன்னா தாப்பா. நீளமான மோட்டார்ஹோம்னா சிம்பாங் பூலாய், ஆனா வெள்ளிக்கிழமை மத்தியானமே. வேலை முடிஞ்சு அஞ்சு மணிக்குக் கேஎல்ல இருந்து கிளம்பலாம்னு உன் வீட்டுக்காரர் சொன்னா ஒத்துக்காதே. இருட்டு, பனிமூட்டம், காய்கறி லாரி மூணும் சேர்ந்து வரும். அரை நாள் லீவு கிடைக்கலையா, சனிக்கிழமை விடியக்காலையில கிளம்புங்க.

ஏறுறதைவிட இறங்குறதுதான் ஆபத்து. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா அது சூடேறிப் பிடிக்காமப் போயிடும். கியரைக் குறைச்சு எஞ்சினையே வண்டியை இழுத்துப் பிடிக்க விடணும். ஆட்டோ கியரா இருந்தாலும் 'டி'யில வைக்காம கீழ் கியருக்கு மாத்தணும். ரோடு அகலமா இருக்குன்னு அசட்டையா இருக்க வேண்டாம். 2010 டிசம்பர்ல தாய்லாந்துப் பயணிங்க வந்த பேருந்து கவிழ்ந்து இருபதுக்கும் மேல உயிர் போனது அந்த அகலமான சிம்பாங் பூலாய் ரோட்டுலதான். கான்வாயா போறப்போ முன்னாடி வண்டி கண்ணுல இருந்து மறைஞ்சா விரட்டிப் பிடிக்கணும்னு ஒரு வெறி வரும் பாரு, அதுக்கு இடம் குடுக்காதே. அடுத்து எங்க நிக்கிறோம்னு முதல்லயே பேசி வெச்சுக்கோங்க, அவங்கவங்க வேகத்துல வரட்டும். வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு ஏறுறதுக்கு முன்னாடி வயிறு முட்டக் கொடுக்காதே. முன் சீட்டு, திறந்த ஜன்னல், ஊறவெச்ச புளிப்புப் பிளம், கோடாலித் தைலம். போனைப் பிடுங்கி வெச்சுடு, பாதிக் காரணம் அதுதான்.

தேயிலை பார்க்காம எப்படின்னு பிள்ளைங்க கேட்கும். தாப்பா வழியில வந்தா ரிங்லெட் தாண்டித் தானா ராத்தாவுக்குப் போற வழியிலேயே பாரத் குழுமத்தோட கேமரன் வேலி தோட்டம் ரோட்டோரமா விரிஞ்சு கிடக்கும். 1933-ல தொடங்கினது. ஏறும்போதே நிறுத்தி, ஒரு தேத்தண்ணி குடிச்சு, பார்த்துட்டு வந்துடலாம், தனியா ஒரு பயணம் மிச்சம். 1929-ல ஜே. ஏ. ரஸ்ஸல் ஆரம்பிச்ச போ நிறுவனத்தோட சுங்கை பாலாஸ் தோட்டம் அழகுல ஒரு படி மேல, மறுக்கல. ஆனா அந்த உள்ரோட்டுல எதிரே ஒரு காடி வந்தாலே ஒதுங்க இடம் தேடணும். மோட்டார்ஹோமை அதுக்குள்ள விடுறவனை எனக்குப் புரியவே இல்ல. அதுக்குத்தான் சொல்றேன், கூட்டத்துல ஒருத்தர் மட்டும் வேன் இல்லாம மைவி மாதிரி ஒரு சின்னக் காடியில வரட்டும். மருந்து வாங்க, ஆஸ்பத்திரிக்கு ஓட, ஞாயித்துக்கிழமை விடியல்ல பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போக, சுங்கை பாலாஸ் போயே ஆகணும்னு அடம்பிடிக்கிறவங்களைக் கூட்டிட்டுப் போக, எல்லாத்துக்கும் அந்த ஒரு காடி போதும். சுங்கை பாலாஸுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி தோட்டம் அன்னைக்குத் திறந்திருக்கான்னு கேட்டுக்கோ.

தோட்டத்துல போட்டோவுக்காகச் செடி வரிசைக்குள்ள இறங்காதீங்க. மருந்து அடிச்சிருப்பாங்க, தவிர அது ஒருத்தர் வேலை செய்யுற இடம். நம்ம கூட்டத்துல பாதி வீட்டுல ஒரு தாத்தாவோ பாட்டியோ ஏதோ ஒரு தோட்டத்து லயத்துல பிறந்தவங்களாத்தான் இருப்பாங்க. இன்னைக்குக் கொழுந்து எடுக்கிறவங்கள்ல நிறையப் பேர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவுல இருந்து வந்தவங்க. அவங்க முகத்துக்கு நேரா போனை நீட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்கணும்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடு.

சாப்பாடு விஷயத்துக்கு வர்றேன், இங்கதான் எனக்குக் கோபம் வரும். இந்த மாதிரிக் கூட்டத்துல ஆம்பளைங்க நாற்காலியில சாஞ்சுக்கிட்டு 'ரிலேக்ஸ்'னு சொல்வாங்க, பொம்பளைங்க வீட்டு அடுப்பை விட்டுட்டு மலை அடுப்புக்கு மாறியிருப்பாங்க. அப்படின்னா எதுக்கு இவ்வளவு தூரம்? முதல் வேளைக்குப் புளிச்சோறு, சம்பல், அவிச்ச முட்டை வீட்டுல இருந்தே வரட்டும், குடும்பத்துக்கு ஒரு அயிட்டம். சனி மத்தியானம் கடையில வாழையிலை. ராத்திரிக்கு ஸ்டீம்போட்: நடுவுல சட்டி, சுத்தி எல்லாரும், அவங்கவங்க எடுத்துப் போட்டு அவங்கவங்க சாப்பிடுறது. குளிருக்கும் இதம், சமையல்காரின்னு ஒருத்தி தேவையும் இல்ல. கீரை, காளான், சோளம் எல்லாம் அங்கேயே பச்சைப் பசேல்னு கிடைக்கும். சைவத்துக்குத் தனிச் சட்டி வை. கடையில போய்ச் சாப்பிட்டா மாட்டிறைச்சி தட்டுல கலந்திருக்கான்னு முதல்லயே கேளு. பாத்திரம் கழுவுறது ஆம்பளைங்க முறை, பேர் எழுதி வேன் கதவுல ஒட்டிடு. ஒட்டாம விட்டா நடக்காது.

அவ்வளவு உயரத்துல தண்ணி 95 டிகிரி பக்கத்துலயே கொதிச்சுடும். பருப்பும் கொண்டைக்கடலையும் வேகாம அடம்பிடிக்கும், குக்கர் எடுத்துக்கோ.

இதை மட்டும் விளையாட்டா எடுத்துக்காதே: ராத்திரி குளிருதுன்னு வேனுக்குள்ளயோ கூடாரத்துக்குள்ளயோ கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ கொண்டு போகக் கூடாது. கரி வெளிறிச் சாம்பல் பூத்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்துக்கிட்டுத்தான் இருக்கும். வாசனை இல்லை, புகை இல்லை, இருமல்கூட வராது. தலை வலிக்குது, தூக்கம் வருதுன்னு படுத்தவங்க எழுந்திரிக்க மாட்டாங்க. சமையல் வெளியில, கென்வஸ் கட்டி, ரெண்டு பக்கமாவது திறந்து. தூங்குறப்போ ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்திருக்கணும். குளிருக்குப் போர்வையும் காலுறையும் போதும். ஜெனரேட்டர் கொண்டு வர்றவரும் அதைக் கதவோரம் வைக்கக் கூடாது, பத்து மணிக்கு மேல ஓடவும் கூடாது. பக்கத்துல தூங்குறவங்களும் மனுஷங்கதானே.

சனி காலையில நடக்கணும்னா பாரிட் அருவி பக்கம்தான், பிள்ளைங்களுக்கும் முடியும். ரோபின்சன் அருவி, ஜாசார் மலை எல்லாம் கால் பலம் உள்ளவங்களுக்கு. எத்தனை பேர் போறீங்க, எத்தனை மணிக்குத் திரும்புவீங்கன்னு முகாம்ல இருக்கிறவங்ககிட்ட சொல்லிட்டுப் போங்க. பாங்காக்ல தாய்ப் பட்டு வியாபாரம் பண்ணின அமெரிக்கர் ஜிம் தாம்ப்சன் 1967 மார்ச் 26-ஆம் தேதி இதே மலையில மூன்லைட் பங்களாவுல இருந்து தனியா நடக்கப் போனவர்தான். போலிஸ், ராணுவம், ஓராங் அஸ்லி எல்லாரும் தேடியும் ஆள் கிடைக்கவே இல்லை. ராத்திரி பிள்ளைங்களுக்குச் சொல்ல நல்ல கதை, காலையில மாமாக்களுக்குச் சொல்ல நல்ல எச்சரிக்கை. மத்தியானத்துக்கு மேல மழை வரும்னு வெச்சுக்கோ, வராட்டி லாபம். கேரம் போர்டு, சீட்டு, அந்தாக்‌ஷரிக்கு ஒரு நல்ல தொண்டை, இதெல்லாம் மழைக்கான சாமான்.

காசை முன்னாடியே வாங்கிடு. தலைக்கு இல்ல, குடும்பத்துக்கு இவ்வளவுன்னு. ரெண்டு வயசுப் பிள்ளைக்குப் பாதியா முழுசான்னு பேச ஆரம்பிச்சா உறவே கசந்துடும். ஒருத்தர் கையில மட்டும் பணம், ரசீதெல்லாம் அன்னன்னைக்கே குரூப்புல. காய்கறியை ஞாயிறு தாப்பா வழியா இறங்குறப்போ ரிங்லெட் பக்கத்துக் கடைகள்ல வாங்கிக்கோங்க, கியா ஃபார்முக்காக எதிர்த் திசையில போகாதீங்க. குப்பையைக் கட்டித் தூக்கினதும், வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி மிச்சக் காசை அங்கேயே பிரிச்சுக் குடுத்துடு. 'அடுத்த தடவைக்கு இருக்கட்டும்'னு யாராவது பெருந்தன்மையாச் சொல்வாங்க. ஆறு மாசம் கழிச்சு அந்தப் பணம் என்னாச்சுன்னு முதல்ல கேட்கிறதும் அவங்களாத்தான் இருக்கும்.