ஹார்ட் டிஸ்க் பழுதானால் கணக்கை மீட்பது எப்படி?

பேரேட்டுக்கு மஞ்சள் தடவிப் புதுக்கணக்கு எழுதும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. ஆனால் அன்றாடப் பற்று வரவு இப்போது பல கடைகளில் கணிப்பொறியில்தான் ஏறுகிறது. அந்தப் பேரேடு தங்கியிருக்கும் இடம் ஹார்ட் டிஸ்க். அது பழுதாகும் வேளையில் முதல் ஒரு மணி நேரத்தில் நாம் எதைச் செய்கிறோம், எதைச் செய்யாமல் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தே கணக்கு திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் அமைகிறது. வணிகப் பெருமக்கள் இதுபற்றித் தெரிந்து வைத்திருக்க வேண்டியவற்றை வரிசையாகத் தருகிறோம்.

டிஸ்க் இயங்கும் விதம்

1956-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் டிஸ்கில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அவ்வளவு பெரிய இயந்திரம் 50 லட்சம் எழுத்துகளைத்தான் கொண்டது. இன்று டிஸ்க் உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது; இயங்கும் முறை மட்டும் மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கிறது. படிக்கும் முனை அதைத் தொடாமல், தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான உயரத்தில் மிதக்கிறது. முனை தட்டில் உரசினால் பூச்சு பெயரும். பூச்சோடு அதில் எழுதியிருந்த கணக்கும் போகும். பெயர்ந்த தூள் மற்ற இடங்களையும் கெடுக்கும். ஆகவே, உரசத் தொடங்கிய டிஸ்கை ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் நமக்கு நஷ்டம்தான்.

அறிகுறிகள்

ஒரு பில் திறக்கவே நிமிடக் கணக்கில் ஆவது, கணக்கு மென்பொருள் அடிக்கடி உறைந்து நிற்பது, 'படிக்க இயலவில்லை' என்ற செய்தி வருவது ஆகியவை முதல் எச்சரிக்கைகள். 'டிக், டிக்' என்ற சத்தம் கேட்டால் பழுது முற்றிவிட்டது என்று கொள்ளலாம். 2007-இல் கூகுள் நிறுவனத்தார் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இரண்டு செய்திகளைச் சொல்கிறது. சோதனையில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு அதிகம். அதே சமயம், பழுதான டிஸ்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை முன்கூட்டி எந்தப் பிழையையும் காட்டவில்லை. எச்சரிக்கை வந்தால் உடனே செயல்பட வேண்டும். எச்சரிக்கை வரும் என்று காத்திருக்கவும் கூடாது.

செய்யக் கூடாதவை

ஓட்டை விழுந்த அரிசி மூட்டையை யாரும் குலுக்கிப் பார்ப்பதில்லை. முதலில் அரிசியை வேறு சாக்குக்கு மாற்றுகிறோம். சாக்கைத் தைப்பது பிறகுதான். டிஸ்குக்கும் இதே முறைதான்.

1. கணிப்பொறியை நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பார்க்காதீர்கள்.

2. விண்டோஸ் தானாகவே 'செக் டிஸ்க்' சோதனையைத் தொடங்கினால் அதைத் தவிர்த்து விடுங்கள். நல்ல டிஸ்கில் அது பயனுள்ளது. பழுதான டிஸ்கிலோ கோப்புகளின் அட்டவணையைத் திருத்தி எழுதப் புகுந்து, இருப்பதையும் சிதறடித்து விடலாம்.

3. மீட்பு மென்பொருளை அதே டிஸ்கில் ஏற்றாதீர்கள். மீட்க வேண்டிய கணக்கின் மேலேயே அது எழுதப்பட்டுவிடக் கூடும்.

4. டிஸ்கைத் தட்டுவது, குளிர்ப்பெட்டியில் வைப்பது, மூடியைத் திறப்பது ஆகிய கைவைத்தியம் வேண்டாம். ஒரு தூசி உள்ளே போனாலும் முனை அதில் மோதும்.

செய்ய வேண்டியவை

கணிப்பொறி இன்னும் ஓடிக்கொண்டிருந்து, சத்தமும் இல்லாமல் இருந்தால், கணக்கு மென்பொருள் சேமித்துள்ள அடைவை மட்டும் முதலில் ஒரு பென் டிரைவில் நகல் எடுங்கள். டேலி பயன்படுத்துவோருக்கு அது எண்ணால் பெயரிட்ட ஓர் அடைவாக இருக்கும். படங்களும் பழைய கடிதங்களும் பிறகு பார்த்துக்கொள்ளத் தக்கவை. நகல் நடுவில் நின்றுவிட்டால் திரும்பத் திரும்ப முயலாமல் கணிப்பொறியை நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது தொழில்நுட்பம் தெரிந்தவரின் வேலை. அவரிடம், 'முதலில் டிஸ்க் முழுவதையும் வேறு டிஸ்கில் பிரதி எடுங்கள். மீட்பு வேலையை அந்தப் பிரதியில் செய்யுங்கள்' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இதற்கு லினக்ஸில் இயங்கும் 'ஜி.என்.யூ. டிடிரெஸ்க்யூ' என்ற இலவச மென்பொருள் உண்டு. அது எளிதில் படிக்க வரும் பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, பழுதான இடங்களைக் கடைசியில் முயலும். எதுவரை படித்தது என்று குறித்து வைப்பதால், மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பிரதி எடுக்கும் டிஸ்க், பழைய டிஸ்கின் அளவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும்.

'ஃபோட்டோரெக்' போன்ற மென்பொருள்கள் கோப்புகளை மீட்டாலும், பழைய பெயர்கள் பெரும்பாலும் கிடைப்பதில்லை. படங்களுக்கு அதனால் பாதகமில்லை. கணக்கு மென்பொருளோ பல கோப்புகளைச் சேர்த்துத்தான் இயங்குகிறது. பெயர் மாறினாலோ ஒன்று குறைந்தாலோ முழுக் கணக்கும் திறக்காமல் போகலாம். ஆகவே உங்களுக்கு வேண்டியது எந்த அடைவு என்பதை முன்னதாகவே எழுதிக் கொடுங்கள்.

சத்தம் வரும் டிஸ்கை, தூசியற்ற அறை வசதியுள்ள மீட்பு நிலையத்தில்தான் திறக்க வேண்டும். கொடுக்குமுன் சோதனைக் கட்டணம் எவ்வளவு, கணக்கு கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா என்று கேட்டு, டிஸ்கின் வரிசை எண் குறித்த ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.

புதிய கணிப்பொறிகளில் உள்ள எஸ்.எஸ்.டி. வகையில் சுழலும் தட்டு இல்லை. பழுதானாலும் சத்தம் வராது. அழித்த கோப்பின் இடத்தை அது தானாகவே வெறுமையாக்கிக் கொள்வதால், தவறுதலாக அழித்ததை மீட்பது பெரும்பாலும் நடவாத காரியம்.

மீளாமற்போனால்

எல்லாம் போய்விட்டது என்று மனம் தளர வேண்டியதில்லை. கொள்முதல் விவரம், நமக்குச் சரக்குக் கொடுத்தவர்கள் தாக்கல் செய்ததன் பேரில் ஜி.எஸ்.டி.ஆர்-2பி படிவத்தில் கிடைக்கும். நாம் தாக்கல் செய்த விற்பனைக் கணக்கும் ஜி.எஸ்.டி. தளத்தில் உண்டு. வங்கியில் கணக்கு அறிக்கையும், மொத்த வியாபாரிகளிடம் பேரேட்டு நகலும், ஆடிட்டரிடம் சென்ற ஆண்டுக் கணக்கும் கேட்டு வாங்கலாம்.

ஆனால் ஒன்று மட்டும் வேறு எங்கும் இல்லை. தெருவில் எந்த வீட்டார் எவ்வளவு பாக்கி என்ற விவரம் நம் கடையில் மட்டுமே இருக்கிறது. நாணயமான வாடிக்கையாளரும் தொகையைச் சரியாக நினைவில் வைத்திருக்க மாட்டார். கணக்கில்லாமல் கேட்டால் பணமும் வராது, உறவும் கெடும். ஆகவே வாரம் ஒரு முறை பாக்கிப் பட்டியலைக் காகிதத்தில் அச்செடுத்து வையுங்கள்.

சட்டமும் கேட்கிறது

ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்கள், அந்தந்த ஆண்டின் ஆண்டறிக்கை தாக்கலுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவு. கணிப்பொறிக் கணக்குக்கு முறையான மாற்று நகல் வைத்திருக்க வேண்டும் என்கிறது 57-ஆம் விதி.

நகல் எடுக்கும் ஒழுங்கு

அசலோடு சேர்த்து மூன்று பிரதிகள் வேண்டும். ஒன்று கணிப்பொறியில், ஒன்று தினமும் கடையடைக்கும்போது எடுக்கும் பென் டிரைவில், ஒன்று வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ. பென் டிரைவை எந்நேரமும் கணிப்பொறியில் செருகி வைக்கக் கூடாது. வைரஸ் புகுந்தால் அதுவும் சேர்ந்து போகும். கல்லாவிலேயே வைத்துவிட்டுப் போவதும் போதாது. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளிலும் கடைகளுக்குள் வெள்ளம் புகுந்ததை நாம் அறிவோம். கணிப்பொறியும் பென் டிரைவும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே நனையும்.

மாதம் ஒரு நாள், அந்த நகலை வேறொரு கணிப்பொறியில் திறந்து, கடைசி பில் எண்ணும் மொத்தப் பாக்கித் தொகையும் அசலோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நம்பக் கூடாது. இந்த வேலையைக் கடையில் ஒருவர் பொறுப்பில் விட்டு, பார்த்த தேதியை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.