பேரிகையிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு விண்ணப்பிக்கும் கிரமம்

வீட்டில் தெலுங்கும் சந்தையில் கன்னடமும் பள்ளியில் தமிழும் பேசி வளர்ந்து, ஓசூர்ப் பக்கத்துக் கல்லூரியொன்றில் முதுகலைப் பட்டம் பெற்ற, அந்தப் பக்கத்துப் பேரிகை ஊர் மாணவர் ஒருவர், 1209-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்ய விரும்பினால், அதை விபரீத ஆசையென்று நான் சொல்லமாட்டேன். காரியத்தைக் கிரமப்படி தொடங்கவேண்டும் என்று மட்டுமே சொல்வேன். ஆள் போவதற்கு முன்னால் அவருடைய வேலை அங்கே போய்ச் சேரவேண்டும் என்பதே அந்தக் கிரமம்.

சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த கணித மேதை ராமானுஜன், 1913 ஜனவரி 16-ஆம் தேதியிட்டு கேம்பிரிட்ஜ் கணிதப் பண்டிதர் ஹார்டிக்கு எழுதியபோது, பக்கம் பக்கமாகத் தம் கணித முடிவுகளையே அனுப்பினார். அதற்கு முன் கேம்பிரிட்ஜ் பண்டிதர் இருவர் அவருக்குக் கைகொடுக்கவில்லை என்பதையும் மறக்கலாகாது. சென்னை மாநிலக் கல்லூரி மாணவரான இயற்பியலர் சந்திரசேகரோ, தம் கட்டுரையைக் கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ஃபவுலருக்கு அனுப்பி, அது 1929-இல் ராயல் சொசைட்டி வெளியீட்டில் அச்சேறிய பிறகே, 1930-இல் கப்பலேறி அதே ஃபவுலரிடம் மாணவராகச் சேர்ந்தார்.

ஆகவே முதற்படி, உங்கள் விஷயத்தில் வேலைசெய்யும் ஆசிரியரைத் தேடி, அவருடைய அண்மைக் கட்டுரைகள் இரண்டையாவது ஊன்றிப் படிப்பது. அடுத்தது கடிதம். “புகழ்மிக்க தங்கள் சர்வகலாசாலையில் பயில்வது என் வாழ்நாள் கனவு” என்று தொடங்கி ஐம்பது பேருக்கு ஒரே நகலை அனுப்புவது அஞ்சற்செலவு இல்லாத காலத்தின் துர்ப்பழக்கம். அதற்குப் பதிலாக, “பசுமைக்குடில் ரோஜாவுக்குச் சொட்டுநீர் விடும் எங்கள் ஊர்த் தோட்டங்களில் மண்ணின் உப்பை ஓராண்டு அளந்தேன், கண்ட முடிவு இது, தங்கள் கட்டுரையின் கணக்கோடு இந்த இடத்தில் முரண்படுகிறது” என்று அரைப்பக்கத்தில் எழுதி, ஆய்வேட்டின் சுருக்கத்தை இணைத்தால், அதைப் படிக்கும் ஆசிரியருக்கு உங்களோடு பேச ஒரு விஷயம் இருக்கும். பதில் வராவிட்டால், சில வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டிவிட்டு, அடுத்தவரைத் தேடுங்கள்.

மற்றவை சம்பிரதாயங்களே. விண்ணப்பம் செப்டம்பரில் திறக்கும். கடைசித் தேதி துறைக்குத் துறை மாறுபடினும், உதவித்தொகை வேண்டுவோருக்குப் பெரும்பாலும் டிசம்பரிலோ ஜனவரித் தொடக்கத்திலோ முடிந்துவிடும். மதிப்பெண் பட்டியல், ஆராய்ச்சித் திட்டம், ஆசிரியர்களின் பரிந்துரை ஆகியவற்றோடு ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் தேர்வில் 7.5 மதிப்பெண்ணையும் பல துறைகள் கேட்கின்றன; தேர்வுக்குப் பெங்களூரே பக்கம். இவற்றுள் பரிந்துரைதான் கடைசி நேரத்தில் காலை வாரிவிடும்; ஆசிரியர்களிடம் ஆகஸ்டிலேயே சொல்லிவையுங்கள். இதற்கெல்லாம் கமிஷன் ஏஜெண்ட் யாரும் வேண்டியதில்லை.

பணம் பெரிய விஷயம். ராமானுஜனுக்கே சென்னைச் சர்வகலாசாலை ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்தது. இன்று கேட்ஸ் கேம்பிரிட்ஜ் உதவித்தொகையை விண்ணப்பத்திலேயே கேட்கலாம். ஆக்ஸ்ஃபோர்டை விரும்புவோருக்கு ரோட்ஸ், ஃபெலிக்ஸ் உதவிகள் உண்டு. காமன்வெல்த் உதவித்தொகையும், தகுதியுடைய குடும்பத்தாருக்கு மத்திய, மாநில அரசுகளின் அயல்நாட்டுக் கல்வி உதவிகளும் தனியே விண்ணப்பித்துப் பெறவேண்டியவை. இடம் கிடைத்து உதவித்தொகை கிடைக்காத வருஷம், தோட்டத்தை அடமானம் வைத்துப் புறப்படவேண்டாம். மறு செப்டம்பரில் இன்னும் ஓராண்டு வேலையைச் சேர்த்து மீண்டும் விண்ணப்பியுங்கள்.